கூடைக்குக் கீழே நின்றவர்

என் கணவர் தனசிங்கின் அடக்க ஆராதனையில் வாசிக்கப்பட்ட வாழ்க்கைக் குறிப்பில், அவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வருடங்களுக்கு ஒரு முழுப் பத்தி இருந்தது. சபைக் கமிட்டியில் இருந்ததற்கு இன்னொரு பத்தி. நடுவில் ஒரே ஒரு வரி: “சில காலம் வெளிநாடுகளில் விளையாடினார்.”

சபைச் செயலாளரைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயது, தெரிந்ததை எழுதினார். ஆனால் அந்த வரியைக் கேட்டதும் எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. சில காலமா? கொழும்பு, ஈப்போ, தெஹ்ரான், மணிலா! செம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டாதவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர் இருந்த காலத்தில், ஒரு மனிதர் பந்தைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய், அதற்காகவே சம்பளம் வாங்கி வந்தார். அந்த ஒரு வரியை நான் கொஞ்சம் விரித்து எழுதிவிடுகிறேன்.

அவருடைய அப்பா ஞானையா ரயில்வேயில் கார்டு. தாம்பரம் ரயில்வே காலனியில் குவார்ட்டர்ஸ். என் கணவர் பதினேழு வயதிலேயே ஆறரை அடி உயரம். மின்சார ரயிலின் வாசலில் தலையைக் குனிந்துதான் நுழைவார். பிளாட்பாரத்தில் சுண்டல் விற்கிறவன் தினமும் ஒன்று சொல்வானாம்: “இன்னாபா, சிக்னல் கம்பத்துக்கு சட்டை போட்டு அனுப்பிச்சுட்டாங்களா?” அவருக்குச் செருப்புக்கூடக் கடையில் கிடைக்காது. பம்மல் தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பக்கத்தில் வேதாசலம் என்றொருவர், லாரி டயரை வெட்டி அடியில் வைத்து ஷூ தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு குதித்தால் மாடு ஓடுகிற மாதிரி சத்தம் வரும்.

காலனி மைதானத்தில் ஒரு கூடைப்பந்துக் களம் இருந்தது. கழிக்கப்பட்ட இரண்டு தண்டவாளத் துண்டுகளை நட்டு, மேலே பலகையும் வளையமும் மாட்டியிருந்தார்கள். நட்ட மேஸ்திரிக்கு ஒரு கவலை. தண்டவாளம் ரயில்வே சொத்து. எழுத்தில் உத்தரவு இல்லாமல் அதை அறுத்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். அதனால் அறுக்காமல், முழு நீளத்தையும் அப்படியே நட்டுவிட்டார். வளையம் இருக்க வேண்டிய உயரத்துக்கு ஓர் அடி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. காலனியில் யாருக்கும் அது தெரியாது. கூடைப்பந்து என்றால் அந்த உயரம்தான் என்று நினைத்து அத்தனை பேரும் அண்ணாந்து அண்ணாந்து விளையாடினார்கள். அவரும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

1962இல் பெரம்பூரில் ரயில்வே அணிக்கு ஆள் தேர்வு. பயிற்சியாளர் ஸ்ரீநிவாசராகவன். அவர் முன்னால் என் கணவர் எறிந்த முதல் பந்து பலகைக்கு மேலே பறந்து போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பலகையின் உச்சியில் பட்டுத் திரும்பியது.

“என்னடா இது, கோபுரத்துக்கு மாலை போடறாப்ல எறியறே? எங்க கத்துண்டே?”

“தாம்பரம் சார்.”

“தாம்பரத்துல கூடை ஆகாசத்துலயா இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தாராம். அந்த நேரம் வேறொருவன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் துள்ளியது. பழக்கத்தில் இவர் குதித்தார். காலனி வளையத்துக்குக் குதிக்கிற குதி! இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வளையத்துக்கு மேலே போய்விட்டன. பந்தை எறியவில்லை. குடத்துக்குள் எலுமிச்சம்பழத்தைப் போடுவது போல மேலேயிருந்து உள்ளே அமுக்கிவிட்டு இறங்கினார்.

நடுவர் விசில் ஊதினார். “செல்லாது!”

“ஏன் ஓய் செல்லாது? எந்த ரூல்?” என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

“ரூல் தெரியாது சார். ஆனா இது நியாயமில்ல.”

அன்றைக்கே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் யாரோ டேப் எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கு வந்து வளையத்தை அளந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு, அதை ஓர் அடி இறக்கி மாட்டினார்களாம்.

பெயருக்கு எழும்பூர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. உண்மையான வேலை மைதானத்தில். அணியில் அவர் சென்டர். எதிராளியின் கூடைக்குக் கீழே நின்று பந்தைப் பிடித்துப் போடுகிறவர். தங்கள் கூடைக்குக் கீழே நின்று அடுத்தவனைப் போட விடாதவர். அணியிலேயே உயரமானவருக்கு உரிய இடம் அது. எல்லோருடைய முழங்கையும் வந்து இடிக்கிற இடமும் அதுதான்.

அவருடைய தங்கை ஜெயசீலி கல்லூரியில் என் வகுப்புத் தோழி. ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு போட்டியைக் காட்டினாள். ஆட்டம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கும்பலுக்கு மேலே ஒரு கை மட்டும் எழுந்து, வானத்திலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு இறங்கியது. பக்கத்திலிருந்த ஆளின் தோளை நான் இறுகப் பிடித்திருந்ததை ஜெயசீலி சொல்லித்தான் விட்டேன்.

என் அப்பா யேசுதாசன், சேலையூரில் தலைமை ஆசிரியர். 1966இல் ஜெயசீலி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது யோசித்துப் பார்த்துச் சொன்னார்: “ரயில்வே. பென்ஷன் உண்டு, பாஸ் உண்டு. உயரம்தான் கொஞ்சம்... பரவால்ல, கட்டிலைச் சொல்லிச் செஞ்சுக்கலாம்.” நிச்சயதார்த்தம் நடந்தது.

அதற்கு முந்தின வருடம் ரயில்வே அணியோடு கொழும்புக்குப் போய் நான்கு நாட்டு அணிகள் கலந்துகொண்ட போட்டியில் அவர் ஆடியிருந்தார். அங்கே அவரைப் பார்த்த ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, மலேசியாவின் ஈப்போவிலிருந்து இப்போது கூப்பிட்டு அனுப்பினார். ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்தவர். சொந்தமாக ஒரு கூடைப்பந்துச் சங்கமும் வைத்திருந்தார். ரயில்வே சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. 1967 தொடக்கத்தில் கப்பல் ஏறினார். இறங்கியதும் தவுக்கே செய்த முதல் காரியம், வேதாசலத்தின் டயர் ஷூவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து வியந்துவிட்டு, ஜப்பானிலிருந்து புது ஷூ வரவழைத்ததுதான்.

ஈப்போவைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எனக்கு அலுத்ததே இல்லை. தமிழன் ஒருவன் சீனர் அணியில் ஆடுகிறான் என்ற செய்தி ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய்விட்டது. சனிக்கிழமைகளில் தோட்டத் தமிழர்கள் லாரி லாரியாக வந்து கூடைக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். அவர் பந்தோடு கூடைக்கு முதுகு காட்டி நிற்கும்போது பின்னாலிருந்து கூச்சல் கிளம்பும்: “அண்ணே, வலப்பக்கம் ஒருத்தன்!” “பின்னால தட்ட வர்றான்!” “இப்ப திரும்பு, யாருமில்ல!” முதுகில் கண் வைத்தது போல ஆடினார். எதிரணிக்காரர்கள் நடுவரிடம் முறையிட்டார்கள். நடுவர் இவரைக் கூப்பிட்டு, உன் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

“பாட்டுப் பாடறாங்க” என்றாராம்.

அடுத்த முறை அதே அணி விவரமாக வந்தது. தமிழ் தெரிந்த ஒரு கிளார்க்கைக் கூட்டி வந்து தங்கள் பெஞ்சில் உட்கார வைத்து, கத்துவதையெல்லாம் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவரும் பாவம், முக்கால் ஆட்டம் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார். கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமமாக இருந்தபோது, அந்தக் கிளார்க்கே பெஞ்ச் மேல் ஏறி நின்று, “டேய் தம்பி, இடப்பக்கம் திரும்புடா, காலியா கெடக்கு!” என்று அலறிவிட்டார். இவர் திரும்பினார், போட்டார், ஜெயித்தார்கள். கிளார்க்கைத் தோட்டத்து ஜனம் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

1969 கடைசியில் தெஹ்ரான். ஈப்போவுக்கு ஆட வந்திருந்த ஓர் அணி இவரைக் கேட்டு அழைத்துப் போனது. பனியைப் பார்த்ததும் தங்கைக்கு எழுதினார்: “ஊர் முழுக்கச் சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள்.” அங்கே எதிராளிகள் மல்யுத்தக்காரர்கள் போலத் தோள் கொண்டவர்கள். முதல் போட்டியில் அவரை இடுப்பால் நெட்டி நெட்டி எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்களாம். மூன்று வாரம் பெஞ்ச். அப்புறம் அவர்களிடமே கற்றுக்கொண்டார், முழங்காலை மடக்கி, தாழ உட்கார்ந்தாற்போல நிற்க. அப்படி ஊன்றி நின்றால் ஆறரை அடியையும் யாரும் அசைக்க முடியவில்லை. இரண்டாம் வருடம் அந்த அணி கோப்பை வாங்கியது. அவரைத் தோளில் தூக்க ஆசைப்பட்டவர்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில்தான் ரயில்வேயிலிருந்து தகவல் வந்தது. விடுப்பு இனி நீட்டிக்கப்படாது. மே மாதத்துக்குள் வேலையில் சேராவிட்டால் பெயர் நீக்கப்படும். அதே வாரம் மணிலாவில் ஒரு கம்பெனி அணி இரண்டு வருடத்துக்கு அவரைக் கேட்டது. அவர் ரயில்வேக்கு ராஜினாமா அனுப்பிவிட்டு ஊருக்கு வந்தார். வந்த மறுநாளே சேலையூரில் எங்கள் வீட்டு வாசல்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தார்.

“சார், ரயில்வேயை விட்டுட்டேன்.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “லீவை நீட்டிக்கினியா?”

“இல்ல சார். விட்டுட்டேன். மணிலாவுல ரெண்டு வருஷம் கூப்பிடறாங்க.”

“எதுக்கு?”

“விளையாடறதுக்கு.”

“அது சரி. வேலை?”

“அதுதான் சார் வேலை.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் அதைத்தான் செய்வார். “நான் நிச்சயம் பண்ணது ஒரு ரயில்வேக்காரனுக்கு.”

“எனக்குன்னு நெனச்சேன் சார்” என்றார் இவர்.

அதோடு கல்யாணப் பேச்சு முறிந்தது. அப்பாவைக் கெட்டவர் என்று யாரும் எண்ண வேண்டாம். மாதம் முதல் தேதி சம்பளம் வருகிற வேலைதான் அவருக்கு வேலை. முப்பதை நெருங்குகிற ஓர் ஆள் குதிப்பதற்கு யார் எத்தனை நாள் கொடுப்பார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் நான் ஐந்து வருடம் காத்திருந்தது கும்பலுக்கு மேலே எழுந்த அந்தக் கைக்காக. எழும்பூர் ஆபீஸ் நாற்காலிக்காக இல்லை.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகன், இன்ன தொழில், இன்னாருடைய மகள் என்று போதகர் சபை முழுவதும் கேட்கப் படிப்பார். தடை சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம். ஓலை கொடுப்பது வழக்கமாகத் தகப்பன்மார். நான் ஆசிரியை, வயது இருபத்தைந்து. நானே போதகர் ஐசக்கிடம் போனேன்.

“அப்பாகிட்ட கேட்டியாம்மா மெட்டில்டா?”

“கேட்டேன் ஐயா. அவர் சொன்ன பதில் பிடிக்கல.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். “மாப்பிள்ளை தொழில்?”

“கூடைப்பந்து.”

“அது பொழுதுபோக்கு. தொழில்?”

“அதையே எழுதுங்க ஐயா.”

முதல் ஞாயிறு. “ஞானையா அவர்களின் குமாரன் தனசிங், கூடைப்பந்து விளையாட்டு...” என்று போதகர் வாசித்ததும் கோயிலில் ஒரு சலசலப்பு. பெண்கள் பக்கத்தில் ரத்தினபாய் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது: “பந்து விளையாடறதையெல்லாம் ஓலையில சொல்றாங்களே! நம்ம வூட்டுக்காரரு சீட்டாடறத ஏன் சொல்லல?” இரண்டாம் ஞாயிறும் இப்படியே. ஆராதனை முடிந்ததும் அப்பா போதகரிடம் நேரே போனார்.

“அடுத்த வாரம் நான் தடை சொல்லப் போறேன்.”

“அவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கா? இல்ல, ரெண்டு பேரும் நெருங்கின ரத்த உறவா?”

“தொழில் இல்ல.”

“அது தடையாகாது சார்.”

“ஆகலன்னாலும் பரவால்ல. சொல்லுவேன்.”

அது செல்லாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்பா சொன்னால் அது சொன்னதுதான். சபை முழுக்கக் கேட்க, என் கணவராகப் போகிறவர் செய்வது தொழிலே இல்லை என்று அவர் எழுந்து நின்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு வந்து போவேன்? இவர்தான் அந்த வாசல்படியில் இன்னொரு முறை குனிவாரா?

போதகர் ஐசக் ஒன்று கேட்டார்: “ஒரு தடவையாவது அவர் விளையாடிப் பாத்திருக்கீங்களா சார்?”

“பசங்க விளையாடறதை முப்பது வருஷமா பாத்துக்கினுதான் இருக்கேன்.”

“சனிக்கிழமை ஒரு மேட்ச் இருக்கு. தடை சொல்றவர் பாத்துட்டுச் சொல்றதுதான் முறை.”

ரயில்வே அணி தாம்பரத்துக்கு வந்து ஒரு காட்சிப் போட்டி ஆடுவதாக இருந்தது. எதிர்த்து ஆட உள்ளூர் ஆட்கள்: கல்லூரி மாணவர்கள் சிலர், தபால் ஆபீசில் இருந்த ஒருவர், சென்டராக இவர். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். எதிரே, போதகருக்குப் பக்கத்தில், கையில் மடக்கிய குடையோடு அப்பா. தேர்வுத் தாள் திருத்துகிற முகம்.

ஸ்ரீநிவாசராகவன் களத்துக்குள் வந்து இவர் முதுகில் தட்டினார். “வாடா ஃபாரின்காரா! எங்காத்துப் பிள்ளையை எங்களுக்கு எதிராவே நிறுத்திட்டாளா? இரு, உனக்கு ரெண்டு பேரைப் போட்டிருக்கேன்.”

சொன்னபடியே இரண்டு பேர், முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். ஆனாலும் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மைதானம் எழுந்து நின்றுவிட்டது. இரண்டு பேரையும் முதுகில் சுமந்துகொண்டு திரும்பினார், போட்டார். தபால் ஆபீஸ்காரர் தவறவிட்ட பந்தையெல்லாம் காற்றிலேயே பிடித்து மறுபடி கூடைக்குள் தட்டினார். “இன்னாமா போறான் பாரு! ஏணி இல்லாம மாடிக்குப் பூட்டான்!” என்று யாரோ கத்தினார்கள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்பா மட்டும் அசையவில்லை.

இரண்டாம் பாதியில் பின்னால் நின்றவனின் முழங்கை இவர் விலாவில் இறங்கியது. அப்பாவின் குடை நிமிர்ந்தது.

“அது என்ன? குத்தறான்! கேக்க ஆளில்லையா?”

“அந்த எடம் அப்படித்தானாம் சார்” என்றாராம் போதகர்.

“எந்த எடம்?”

“சென்டர்.”

அதற்குப் பிறகு அப்பா பந்தைப் பார்க்கவில்லை. அவருடைய தலை பந்து போன பக்கம் திரும்பவேயில்லை. கூடைக்குக் கீழே நடப்பதை மட்டும் பார்த்தார். முழங்காலை மடக்கி இவர் ஊன்றி நிற்பதையும், இரண்டு பேர் மோதியும் அந்த இடத்தை விடாததையும், அடி வாங்கிய பிறகும் கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்பதையும்.

கடைசி நிமிடம். ரயில்வே ஒரு புள்ளி மேலே. பந்து இவர் கைக்கு வந்தது. இடப்பக்கம் திரும்புவது போல ஏமாற்றி வலப்பக்கம் எழும்பினார். மூன்றாவதாக ஒருவன் பாய்ந்து மணிக்கட்டில் அடித்தான். பந்து வளையத்தின் மேல் ஏறி, சுற்றி, சுற்றி, வெளியே விழுந்தது. நடுவர் ஃபவுல் என்று விசில் ஊதவில்லை. ஆட்டம் முடிந்தது. தோற்றோம்.

மைதானமே மூச்சடைத்து நின்றபோது, ஒரு வெள்ளை வேட்டி களத்துக்குள் வேகமாக நடந்து போனது. அப்பா! நடுவரின் மூக்குக்கு நேரே குடையை நீட்டினார்.

“கையில அடிச்சான்! உமக்குக் கண்ணு இருக்கா இல்லையா? என் ஸ்கூல்ல இப்படி நடந்தா ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன், அவனையும் உம்மையும்!”

இவர்தான் ஓடி வந்து அப்பாவைத் தோளில் அணைத்து வெளியே அழைத்து வந்தார். “விடுங்க சார். தோத்தாச்சு.”

“தோக்கல. தோக்கடிச்சாங்க.”

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா மறுபடி வாயை மூடிக்கொண்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் கோயிலுக்குக் கிளம்பும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாம் ஞாயிறு. போதகர் ஓலையை எடுத்தார். “ஞானையா அவர்களின் குமாரன் தனசிங், கூடைப்பந்து விளையாட்டு...” முழுவதும் வாசித்து முடித்து, தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்றார்.

அப்பா எழுந்தார். ஒரு குழந்தைகூட அழவில்லை. ஆண்கள் வரிசையில், எல்லோருக்கும் மேலே தெரிந்த இவருடைய தலை மெல்லத் தாழ்ந்தது.

“ஓலையில பிழை இருக்கு” என்றார் அப்பா.

“என்ன பிழை சார்?”

“பள்ளிக்கூடத்துல வேலைன்னா வாட்ச்மேனா ஹெட்மாஸ்டரான்னு எழுத மாட்டீங்களா? பொத்தாம் பொதுவா விளையாட்டுன்னு எழுதினா என்ன அர்த்தம்? சென்டர். சென்டர்னு திருத்தி வாசிங்க.”

போதகர் பேனாவுக்காக அங்கியைத் தடவினார். பெண்கள் பக்கத்திலிருந்து ரத்தினபாய் அக்கா குரல் வந்தது: “சென்டர்னா இன்னா சார்? எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்பாவுக்கு அது போதும். வகுப்பில் யாராவது சந்தேகம் கேட்டால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடுப் பாதைக்கு வந்தார். காலை அகட்டினார், முழங்காலை மடக்கினார், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

“கூடை இங்க. நான் இங்க. இப்படி நிக்கணும், தாழ. முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன் முழங்கையால குத்துவான். நகரக் கூடாது. யாராவது ஒருத்தர் வந்து பின்னால நில்லுங்க, காட்டறேன்.”

ஆண்கள் வரிசையிலிருந்து இவர் எழுந்து போய், அப்பாவின் பின்னால் நின்றார்.